சிறுகிழங்கு இளக்காரமான சொல்லா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்பைப் பல ஆண்டுகளாக விடாமல் படித்துவருகிறவள் நான். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் ஆகையால், எந்தச் செய்தி ஆங்கிலத்திலிருந்து வந்தது, எது தமிழிலேயே எழுதப்பட்டது என்பதைப் படித்த மாத்திரத்தில் கண் தானாகப் பிரித்துவிடும். சென்ற வாரம் வணிகப் பக்கத்தில் ஒரு வெளிநாட்டுச் செய்தி வந்திருந்தது. அமெரிக்காவில் சைக்கிள் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு பட்டறையின் உரிமையாளர், சந்தையில் உள்ள பெரிய நிறுவனங்களோடு தம்மை ஒப்பிட்டுச் சொன்ன சொற்கள் அதில் இவ்வாறு அச்சாகியிருந்தன: "அவர்களுக்கு முன்னால் நாங்கள் வெறும் சிறுகிழங்குகள்." மூலத்தில் அவர் 'ஸ்மால் பொட்டேட்டோஸ்' என்று சொல்லியிருக்க வேண்டும் என்பதை ஊகிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஆனால் ஆங்கிலம் தெரியாத ஒருவர் அதை எப்படிப் படிப்பார் என்பதையும் அன்றே என் வீட்டுக் கூடத்தில் பார்க்க நேர்ந்தது.

அன்று காலைதான் கடையம் பக்கத்திலிருந்து என் அண்ணன் பொங்கல்படி, அதாவது பிறந்த வீட்டுப் பொங்கல் சீர், கொண்டுவந்திருந்தார். எங்கள் தகப்பனார் காலத்திலிருந்து சிறுகிழங்கு போடுகிற வீடு எங்களுடையது. மஞ்சள்குலை, கரும்பு, சேனை, சேம்பு, பனங்கிழங்கு எல்லாவற்றோடும், தனியாக ஒரு சாக்கில் சிறுகிழங்கும் வந்து இறங்கியது. காபி குடித்துக்கொண்டே பேப்பரைப் புரட்டியவர் அந்த வரியில் வந்து நின்றுவிட்டார். "ஏம்மா, சிறுகெழங்குன்னா அவங்களுக்கு அம்புட்டு எளக்காரமாப் போச்சா?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. இது ஆங்கிலத்தில் உள்ள ஒரு பேச்சுவழக்கு, நம்முடைய கிழங்கை அவர்கள் சொல்லவில்லை என்று விளக்கினேன். "அப்ப எதுக்கு நம்ம கெழங்கு பேரப் போட்டாங்க?" என்றார். அந்தக் கேள்விக்குத் தங்கள் மூலமாக விடை சொல்ல வேண்டும் என்றுதான் இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

முதலில் அந்த ஆங்கில வழக்கைப் பற்றி. ஒருவரையோ, ஒரு விஷயத்தையோ, ஒரு தொகையையோ 'பொருட்படுத்தத் தக்கதல்ல' என்று சொல்ல, பேச்சு ஆங்கிலத்தில், முக்கியமாக அமெரிக்கர்களிடையே, 'ஸ்மால் பொட்டேட்டோஸ்' என்பது வழக்கம். இது வீட்டிலும் கடையிலும் பேட்டியிலும் புழங்குகிற சொல். தீர்ப்பிலோ அரசாணையிலோ பொதுவாக எழுதமாட்டார்கள். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பேசப்படுபவர் ஒருவராக இருந்தாலும், விஷயம் ஒன்றாக இருந்தாலும், ஆங்கிலத்தில் இது எப்போதும் பன்மையிலேயே வரும். 'அவன் சின்ன உருளைக்கிழங்கு' என்று அவர்கள் சொல்வதில்லை. 'அவன் சின்ன உருளைக்கிழங்குகள்' என்றுதான் சொல்வார்கள். இலக்கணப்படி பார்த்தால் பிழைபோலத் தோன்றும் இந்தப் பன்மையே, இங்கே கிழங்கைப் பற்றிய பேச்சு இல்லை என்பதற்கு அடையாளம். ஆக, தங்கள் செய்தியில் 'கள்' விகுதியோடு 'சிறுகிழங்குகள்' என்று வந்திருப்பது, மூலத்தின் ஒவ்வொரு சொல்லையும் விசுவாசமாகப் பெயர்த்து, மொத்தப் பொருளையும் கைநழுவவிட்டதைக் காட்டுகிறது.

இந்த வழக்கு 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே அமெரிக்காவில் அச்சேறியிருக்கிறது. 'கிழங்கும் சிறிசு, குவியலுக்குக் கொஞ்சம்தான்' என்ற பொருளில் ஒரு நீண்ட வடிவமும் அங்கே வழங்கிவந்தது. உருளைக்கிழங்கு பயிரிடுகிறவர்கள் செடியின் அடியில் மண்ணைக் குவித்து அணைப்பார்கள். மாதக்கணக்கில் பாடுபட்டு, அந்த மண்குவியலைக் கிளறிப் பார்க்கும்போது நான்கைந்து கோலிக்குண்டுகள் மட்டும் உருண்டு வந்தால் வயிறு எரியுமல்லவா? அந்த ஏமாற்றத்திலிருந்து பிறந்த சொல் இது. பெரிதாக இருக்க வேண்டியது சிறிதாக வந்துவிட்டது என்ற கணக்கு இதற்குள் இருக்கிறது. உருளைக்கிழங்கில் பெரியது உண்டு, ஆகவே சிறியதற்கு மதிப்புக் குறைவு. அந்தக் கணக்கு உருளைக்கிழங்குக்கு மட்டுமே பொருந்தும்.

நம் சிறுகிழங்கின் சங்கதியே வேறு. அதற்கு 'சிறு' என்ற அடைமொழி விளைச்சல் குறைந்ததால் வந்ததன்று. அதன் இயல்பே சிறியதாக இருப்பது. பெரிய சிறுகிழங்கு என்று ஒன்று கிடையாது. விரல்கணு அளவிலும், மிஞ்சினால் பெருவிரல் அளவிலும், கறுத்த தோலோடும் மண் வாசனையோடும் இருக்கும் அந்தக் கிழங்கு துளசி, கற்பூரவல்லி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. உருளைக்கிழங்குக்கும் அதற்கும் தாவரவியல் உறவே இல்லை. சிறிய கிழங்கை நாற்றங்காலில் ஊன்றி, அதிலிருந்து எழும் கொடியைக் கிள்ளி, ஆடி ஆவணியில் வயலில் நட்டு, மார்கழி பிறந்ததும் தோண்டத் தொடங்குவார்கள். வேர்முடிச்சு நூற்புழு விழுந்துவிட்டால் கிழங்கெல்லாம் முண்டும் முடிச்சுமாகிவிடும் என்பதால், ஒரே வயலில் வருடா வருடம் போடாமல் மாற்றிப் போடுவார் அண்ணன். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே 'ஸ்ரீ தரா' என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது. கேரளத்தார் இதைக் 'கூர்க்க' என்று அழைத்து விரும்பிச் சாப்பிடுகிறார்கள். கடையம், பாவூர்ச்சத்திரம், ஆலங்குளம் வட்டாரத்தில் விளைவதில் பெரும்பகுதி மலை தாண்டி அங்கேதான் போகிறது.

இதைச் சமையலுக்கு ஆயத்தப்படுத்தும் பாட்டை ஒருமுறையாவது பார்த்தவர்கள் இதை அற்பம் என்று சொல்லமாட்டார்கள். முதலில் தண்ணீரில் ஊறப்போட்டு மண்ணைக் கழுவ வேண்டும். பிறகு கோணிச்சாக்கில் கட்டி, துவைக்கிற கல்லில் புரட்டிப் புரட்டி உருட்டினால் தோல் பாதி உரியும். மீதியை ஒவ்வொன்றாக எடுத்து அரிவாள்மணையிலோ கத்தியிலோ சுரண்ட வேண்டும். ஒரு கிலோ சுரண்டி முடிப்பதற்குள் விரல்நுனிகள் எல்லாம் கறுத்துப்போகும். புளி போட்டுத் தேய்த்தாலும் அந்தக் கறை இரண்டு நாள் போகாது. பொங்கலுக்கு மறுநாள் எங்கள் தெருவில் எந்தப் பெண்ணின் கையைப் பார்த்தாலும் அந்தக் கறுப்பு இருக்கும். கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வரும் பொங்கல்படியில் சிறுகிழங்கு இல்லையென்றால், "என்ன, கெழங்கு வரலியா?" என்று மாமியார் கேட்டுவிடுவார். என் அண்ணன் எழுபது வயதிலும் பஸ்ஸில் சாக்கோடு ஏறி வருவது அந்தக் கேள்வி எழக்கூடாது என்பதற்காகத்தான். என் மாமியார் காலமாகிப் பல வருடங்கள் ஆன பிறகும் வருகிறார்.

பொதுவாகவே 'கிழங்கு' என்ற சொல்லுக்குத் தமிழில் தாழ்ந்த பொருள் இல்லை. ஆரோக்கியமாக, கெட்டியாக இருக்கும் குழந்தையைப் பார்த்து "பிள்ளை கிழங்கு மாதிரி இருக்கு" என்றுதான் நம் பெண்கள் சொல்வார்கள். சொன்ன கையோடு கண்ணேறு கழிப்பதும் உண்டு. ஆகவே "நாங்கள் வெறும் சிறுகிழங்குகள்" என்று படிக்கும் தமிழ் வாசகருக்கு, முதலில் எதுவும் விளங்காது. நெல்லை வாசகருக்கோ தப்பாக விளங்கும்.

அப்படியானால் தமிழில் உருளைக்கிழங்கின் இடத்தில் நிற்பது எது? பெரும்பாலும் சுண்டைக்காய்தான். "சுண்டைக்காய் விஷயம்", "சுண்டைக்காய்ப் பயல்", "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று நாம் வாய்நிறையச் சொல்லிவருகிறோம். இதில் ஒரு வியப்பான சங்கதி உண்டு. உருளைக்கிழங்கும் சுண்டைக்காயும் தாவரவியலில் 'சொலானம்' என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. கத்தரிக்காயும் அதே கூட்டம்தான். தென்னமெரிக்க மலைகளிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய், பிறகு உலகமெல்லாம் பரவிய கிழங்கை வைத்து அமெரிக்கர்கள் சொன்னதை, அதன் ஒன்றுவிட்ட சகோதரத்தை வைத்து நாம் சொல்லியிருக்கிறோம். இரு மொழிக்காரர்களும் கலந்து பேசியதில்லை. அவரவர் தோட்டத்தில், அவரவர் குழம்பில், எது பொடியாகத் தெரிந்ததோ அதை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இது தெரியவந்த நாளில் அலுவலகத்தில் எதிரே உட்கார்ந்திருந்த எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன்.

இருந்தாலும் அந்தச் செய்தியில் 'சுண்டைக்காய்' என்று போட்டிருந்தாலும் சரியாக வந்திருக்காது என்பது என் கருத்து. ஏனென்றால் இந்தச் சொற்களில் பொருளைவிட, யார் யாரைப் பற்றிச் சொல்கிறார் என்பதே முக்கியம். சுண்டைக்காய் என்பது பெரும்பாலும் பிறரைப் பார்த்துச் சொல்வது; அதில் ஏளனம் கலந்திருக்கும். தன்னைத் தானே சுண்டைக்காய் என்று சொல்லிக்கொள்ளும் தமிழர் குறைவு. அந்தப் பட்டறைக்காரர் தம்மைப் பற்றித்தான் பேசினார். பெரியவர்கள் இருக்கிறார்கள், நாங்கள் சிறியவர்கள் என்று பணிவோடு ஒத்துக்கொண்டார். அந்தத் தொனிக்கு நம்மிடம் எத்தனை காலமாகவோ ஒரு சொல் இருக்கிறது. "அவர்களுக்கு முன்னால் நாங்கள் எம்மாத்திரம்?" இதைவிடச் சுருக்கமாக, இதைவிடத் தமிழாக அந்த ஆங்கில வாக்கியத்தைச் சொல்ல முடியாது. கிழங்கும் வேண்டாம், காயும் வேண்டாம்.

ஒரு பொருளின் பெயரைச் சொல்லி அளவைக் குறிக்கும் வழக்குகள் எவ்வளவு ஆபத்தானவை என்பதை நான் சொந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். வேலையில் சேர்ந்த புதிது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்கு ஒன்று மேல்முறையீட்டுக்குப் போனபோது, தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்தில் பெயர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவற்றில் மூத்தவர் பல ஆண்டுகளுக்கு முன் கைப்பட எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. "வாய்க்காலை ஒட்டிய அந்தச் சுண்டைக்காய் நிலத்துக்காக நான் தம்பியோடு மல்லுக்கு நிற்கப் போவதில்லை" என்று அதில் எழுதியிருந்தார். ஏழு சென்ட் நிலம், அவ்வளவுதான். கடிதக் கட்டு பெரியது, நாளோ குறைவு. நான் அவசரத்தில் 'சுண்டைக்காய் பயிரிட்டுள்ள நிலம்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று பதியும் கிராம அடங்கலை எடுத்து நீட்டினார். அந்த ஏழு சென்டில் வருடா வருடம் நெல்தான் பதிவாகியிருந்தது. ஆகவே கடிதத்தில் சொல்லப்பட்டது வேறு ஏதோ நிலம், வழக்கு நிலம் அன்று என்று அவர் வாதிட்டார். தமிழ் மூலத்தைத் தேடி எடுத்து, படித்துக் காட்டி, பிழையைத் திருத்துவதற்குள் இரண்டு வாய்தா போய்விட்டது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த இரு வீட்டாரும் கூலிவேலையை விட்டுவிட்டு வந்து, வேப்பமரத்தடியில் தனித்தனியே உட்கார்ந்திருந்ததை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அந்தப் பெரியவர் நிலத்தின் அளவைச் சொன்னார். நான் அதில் பயிரைத் தேடினேன். அன்று முதல், காய், கிழங்கு, மீன், காசு என எது வாக்கியத்தில் வந்தாலும், அது உண்மையில் அங்கே இருக்கிறதா, அளவுகோலாக வந்திருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளாமல் நான் பேனாவை எடுத்ததில்லை.

தங்கள் துணை ஆசிரியர்களுக்கு இதே வகையில் இடறக்கூடிய வேறு ஆங்கில வழக்குகளும் அடிக்கடி வரும் என்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். 'ஸ்மால் ஃப்ரை' என்பதில் உள்ள 'ஃப்ரை' வறுவல் அன்று, மீன்குஞ்சு. இரண்டுக்கும் வேரே வேறு. கடத்தல் வழக்குகளில் 'சிக்கியவர்கள் எல்லாம் ஸ்மால் ஃப்ரை' என்று வந்தால், அதற்கு 'சில்லறை ஆட்கள்' அல்லது 'சில்லுண்டிகள்' என்று எழுதலாம். 'நெத்திலிகள் சிக்கின' என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். உவரி, கூத்தங்குழிப் பக்கத்து மீனவரிடம் கேட்டால், நெத்திலி குஞ்சு அன்று, வளர்ந்த மீனே அவ்வளவுதான் என்பார். அதுவும் சிறுகிழங்கு மாதிரிதான். 'பீனட்ஸ்' என்பது எப்போதும் பணத்தைப் பற்றியது. சம்பளமோ விலையோ மிகக் குறைவு என்பது பொருள். அதைக் கடலை என்று எழுதினால், இன்றைய இளைஞர் பேச்சில் 'கடலை' என்பதற்கு வேறொரு பொருள் இருப்பதால் வாக்கியம் எங்கேயோ போய்விடும். 'சிக்கன் ஃபீட்' என்பதும் பணம்தான். கோழிக்கு இறைக்கிற தீவனம் போன்ற சில்லறை. பிரிட்டிஷ்காரர்கள் விரும்பிச் சொல்வது 'ஸ்மால் பியர்'. அந்தக் காலத்தில் சிறுவர்கள்கூடக் குடித்த வீரியம் குறைந்த பானத்தின் பெயர் அது. விஷயம் பெரிதல்ல என்பதற்கு வரும். அதை மதுவிலக்குச் செய்தியாக்கிவிடக் கூடாது. 'டூ பிட்' என்பது கால் டாலர். நம்முடைய காலணா, செல்லாக்காசு, சல்லிக்காசு எல்லாம் அந்த வகை.

காசு என்று வந்துவிட்டதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறுமையைச் சொல்ல ஆங்கிலத்தைவிடத் தமிழில் வழி அதிகம். நம் முன்னோர் பின்னங்களை அவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 'தம்பிடி பிரயோசனமில்லை' என்று என் தகப்பனார் சொல்வார். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்பிடி. ஆக, ரூபாயில் 192இல் ஒரு பங்கு தம்பிடி. 1957இல் நயா பைசா வந்ததோடு அந்தக் கணக்கு போயிற்று, ஆனால் வசவு நிலைத்துவிட்டது. முந்திரி என்ற பின்னம் 320இல் ஒன்று. அதைவிட மிக நுண்ணியது இம்மி. 'இம்மியும் பிசகாமல்' என்று இன்றைக்கும் எழுதுகிறோம். எள்ளளவு, கடுகளவு, தினையளவு, குன்றிமணியளவு, துரும்பு, தூசு என்று விதையும் புழுதியும்கூட நமக்கு அளவுகோல்களே. இவ்வளவு இருக்கும்போது ஒரு கிழங்கின் பேரைக் கடன்வாங்கி, அதுவும் உள்ளூர் விவசாயிகள் பாடுபட்டு விளைவிக்கும் கிழங்கின் பேரை, ஏன் தொட வேண்டும்?

'ஜுஜுபி', 'பிஸ்கோத்து', 'துக்கடா' ஆகிய சொற்களைச் சினிமாப் பக்கத்திலும் இளைஞர் பக்கத்திலும் தாங்கள் பயன்படுத்துகிறீர்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. துக்கடா வடக்கிலிருந்து வந்து, கச்சேரியின் கடைசியில் பாடப்படும் சிறு உருப்படிகளுக்குப் பெயராகி, மரியாதையோடு அமர்ந்துவிட்ட சொல். ஆனால் வணிகப் பக்கத்துச் செய்தியில் ஒரு தொழில்முனைவோர் வாயில் 'நாங்கள் ஜுஜுபி' என்று வைப்பது அவரைக் கொச்சைப்படுத்துவதாகும். எங்கள் சீமையில் ஒரு விஷயத்தை ஒதுக்கித் தள்ளுவதற்குச் 'சவத்த விடு' என்று சொல்வோம். இரண்டே சொல்லில் கோபம், சலிப்பு, ஆறுதல் மூன்றும் வந்துவிடும். நஷ்டப்பட்டு வந்தவன் தோளில் கைபோட்டு "சவத்த விடுடே, பாத்துக்கிடலாம்" என்று சொல்வதை இங்கே டீக்கடைதோறும் கேட்கலாம். எனக்கு அந்தச் சொல்லின்மீது மிகுந்த பிரியம் உண்டு. ஆயினும் அதைச் செய்தியில் எழுதச் சொல்லமாட்டேன்.

எதிர்மறையில் வரும்போது மேலும் கவனம் தேவை. 'நோ ஸ்மால் பொட்டேட்டோஸ்' என்று ஆங்கிலத்தில் வந்தால், விஷயம் கணிசமானது, ஆள் சாதாரணமானவர் அல்லர் என்று பொருள். அதற்கு 'லேசுப்பட்ட காரியமன்று', 'லேசுப்பட்ட ஆளில்லை' என்ற வழக்குகள் கைவசம் இருக்கின்றன. 'சிறிய உருளைக்கிழங்கு இல்லை' என்று எழுதினால், சமையல் குறிப்போ என்று வாசகர் மயங்குவார். 'ஹாட் பொட்டேட்டோ' என்பது முற்றிலும் வேறு. யாரும் கையில் பிடிக்க விரும்பாமல் அடுத்தவரிடம் தள்ளிவிடுகிற சிக்கலான பிரச்சினை அது. கிழங்கு என்ற ஒற்றுமையை வைத்து இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் மொழிபெயர்ப்பு. இனிச் சொல்லப்போவது அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது. சிறுமையைச் சொல்லும் சொல் எதுவானாலும், அது ஒருவருடைய மதிப்பீடு. எல்லோருக்கும் பொதுவான அளவன்று. மேற்கோள் குறிக்குள் இருக்கும்வரை அந்த மதிப்பீடு பேசியவருடையது. மேற்கோளை எடுத்துவிட்டு நாளிதழ் தன் சொந்த வாக்கியத்தில் அதையே எழுதினால், அந்த மதிப்பீடு நாளிதழுடையதாகிவிடுகிறது. சில மாதங்களுக்கு முன் பீடி சுற்றும் பெண்களின் கூலி பற்றிய செய்தி ஒன்றில், பேச்சுவார்த்தையில் ஒப்புக்கொள்ளப்பட்ட உயர்வை 'சொற்ப உயர்வு' என்று தங்கள் நிருபர் எழுதியிருந்தார். அவர் தொழிலாளர் பக்கம் நின்றுதான் எழுதினார் என்பது எனக்குப் புரிந்தது. ஆனால் அதே செய்தியில் வேறோர் இடத்தில், ஆயிரம் பீடிக்குச் சில ரூபாய் வித்தியாசம் என்பது 'அற்ப விஷயம்' என்ற வாக்கியம், யார் சொன்னது என்ற குறிப்பே இல்லாமல் வந்திருந்தது. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் ஆலங்குளத்திலும் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு இலை வெட்டி, தூள் வைத்து, நூல் சுற்றி ஆயிரம் எண்ணி முடிக்கிற பெண்களுக்கு அந்தச் சில ரூபாய் அற்பம் அன்று. வீட்டில் கேஸ் சிலிண்டருக்கு எடுத்துவைக்கிற பணம் அது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண் மதியத்துக்கு மேல் பீடி சுற்றுகிறவர். அவரிடம் அந்த வரியைப் படித்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

எனவே 'அற்பம்', 'சொற்பம்', 'சாதாரணம்', 'பொருட்படுத்தத் தக்கதல்ல' என்ற சொற்களில் எது வந்தாலும், 'என்று நிர்வாகத் தரப்பு கருதுகிறது', 'என்று அதிகாரி கூறினார்' என்ற ஒட்டு தவறாமல் உடன் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆங்கிலச் செய்திகளில் இந்த ஒட்டு பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும். தமிழில் வாக்கியத்தைத் திருப்பிப் போடும்போது அது உதிர்ந்துபோகிறது. நீதிமன்ற மொழிபெயர்ப்பில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம் அதுதான்: சொன்னவரைத் தொலைத்துவிடாதே.

பிழை செய்த துணை ஆசிரியரைக் குறைசொல்வது என் நோக்கமன்று. இரவுப் பணியில், பக்கம் மூடும் நேரத்தில், இயந்திர மொழிபெயர்ப்பு தந்த வாக்கியத்தைச் சரிபார்க்கக்கூட அவகாசமில்லாமல் வேலை செய்கிறவர்கள் அவர்கள் என்பதை அறிவேன். இயந்திரம் 'ஸ்மால்' என்பதைச் 'சிறு' என்றும், 'பொட்டேட்டோ' என்பதைக் 'கிழங்கு' என்றும் ஆக்கி, இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டால், நெல்லையில் அது ஒரு பயிரின் பெயர் என்பது சென்னையில் இருப்பவருக்குத் தெரியாமல் போகலாம். ஆனால் இது நெல்லைப் பதிப்பு. இங்கே ஒருவராவது அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தில் ஒருமுறை கண்ணோட்டியிருந்தால், மார்கழி மாதத்தில் சிறுகிழங்கு என்ற சொல் அவரைக் கட்டாயம் நிறுத்தியிருக்கும். வெளிநாட்டுச் செய்திகளில் காய்கறி, மீன், காசு ஆகியவற்றின் பெயர்கள் எதிர்பாராத இடத்தில் வந்தால், அந்த வாக்கியத்தை மட்டும் ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கத்தைத் தங்கள் அலுவலகத்தில் ஏற்படுத்தலாம். ஒரு வாக்கியத்துக்கு அரை நிமிடம் ஆகும்.

அந்த வரியை, "அவர்களுக்கு முன்னால் நாங்கள் எம்மாத்திரம்?" என்று திருத்தி, திருத்தம் வெளியிடும் பகுதியில் ஒரு சிறு குறிப்பாவது போடுமாறு வேண்டுகிறேன். தை மாதத்தில் அண்ணனுக்கு இன்னும் அரை ஏக்கர் தோண்ட வேண்டியிருக்கிறது. கேரளத்து வியாபாரி வந்து விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். மாசி பிறப்பதற்குள் ஊருக்கு ஒருமுறை போவேன். அந்தக் குறிப்பைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு போய் அவரிடம் படித்துக் காட்ட விரும்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை.